மாணவர் கைபட்ட துணைக்கோள்

நம் சங்கக் குடும்பங்களில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் கோடை விடுமுறையில் பயிற்சிக்குப் போகிறார்கள். விண்வெளிக் கருவி வடிவமைக்கும் பயிற்சி என்றால் பெற்றோருக்கு ஒரே பெருமை. ஆனால், "இரண்டு மாதத்தில் அங்கே என்னதான் செய்வான்?" என்று என்னிடம் கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் அனுசாட்.

இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் துணைக்கோள் அது. இஸ்ரோவின் வழிகாட்டுதலில் அண்ணா பல்கலைக்கழக ஆசிரியர்களும் மாணவர்களும் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உழைத்தார்கள். எடை 40 கிலோ. 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி. சி-12 ராக்கெட்டில் ஏறியது. ஓர் ஊருக்கு மேலே போகும்போது செய்தியை வாங்கி வைத்துக்கொண்டு, வேறோர் ஊருக்கு மேலே வரும்போது கொடுப்பது அதன் வேலை. தபால்காரர் வேலைதான்!

இதில் என்ன கஷ்டம் என்று தோன்றலாம். கொல்கத்தாவின் மே மாதப் புழுக்கத்தில் நாம் மின்விசிறியை நம்பி இருக்கிறோம். விண்வெளியில் காற்றே இல்லை. விசிறி சுழன்று பயனில்லை. சூடாகும் சில்லின் வெப்பத்தை உலோகச் சட்டம் வழியாகக் கடத்தி, வெளிப்பரப்பிலிருந்து கதிர்வீச்சாக வெளியேற்ற வேண்டும். சுமார் ஒன்றரை மணிக்கு ஒரு சுற்று என்பதால், வெயிலும் நிழலும் நாளுக்குப் பதினைந்து முறை மாறும். சாதாரணப் பசை வெற்றிடத்தில் ஆவியை வெளிவிட்டு, லென்சின் மேல் படியும். சுத்தமான வெள்ளீய முலாம் பூசினால் மெல்லிய மயிரிழைகள் முளைத்து மின்சுற்றைக் குறுக்கிவிடும். கடையில் வாங்கிய பொருளை அப்படியே பொருத்த முடியாதது இதனால்தான். மேலே போன பின் பழுது பார்க்க ஆளும் கிடையாது.

ஆகவே பயிற்சிக்குப் போகும் மாணவருக்குக் கிடைப்பது முழுத் துணைக்கோள் அல்ல. ஒரு தாங்கி, ஒரு மின்பலகை, அல்லது அதிர்வு மேசையில் ஒரு சோதனை. இதைச் சில்லறை வேலை என்று அலுத்துக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். இத்தகைய திட்டங்கள் பல ஆண்டுகள் நடப்பவை. தொடங்கிய மாணவர் பட்டம் வாங்கிப் போய்விடுவார். இந்தத் திருகாணியை ஏன் இவ்வளவு முறுக்கினோம் என்று அவர் எழுதி வைக்காவிட்டால், அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனவே பயிற்சிக் குறிப்பேட்டை ஒழுங்காக எழுதச் சொல்லுங்கள்.

அனுசாட் 2012 ஏப்ரலில் வளிமண்டலத்தில் விழுந்து எரிந்தது. அதற்குள், 2011 அக்டோபர் 12 அன்று, எஸ்.ஆர்.எம். மாணவர்களின் 10.9 கிலோ எடையுள்ள எஸ்.ஆர்.எம்.சாட் மேலே போயிருந்தது.