நட்டவர் உண்ணாத கனி

காஞ்சி ஏகாம்பரநாதர் ஆலயத்தில் மா, திருவானைக்காவில் வெண்ணாவல், குற்றாலத்தில் குறும்பலா, திருநெல்லிக்காவில் நெல்லி எனக் கனிதரும் மரங்கள் பலவற்றைத் தலவிருட்சமாக வணங்கி வருகிறோம். விளாங்கனியும் நாவற்கனியும் விநாயகப் பெருமானுக்கு உகந்தவை. ஆயினும் நகரத்துக் குழந்தைகள் பலர் விளாம்பழத்தைச் சதுர்த்தி நாளின் கடைவீதியில் கண்டிருக்கிறார்களே அன்றி, அது காய்க்கும் மரத்தைக் கண்டதில்லை.

பொது இடத்தில் கனிமரம் வளர்ப்பதை ஒரு தொண்டாகவே செய்து காட்டுகிறது அமெரிக்காவின் சியாட்டில் நகரம். அங்கே ஜெபர்சன் பூங்காவை ஒட்டி, குடிநீர் வழங்கும் மாநகரத் துறைக்கு உரிய 7 ஏக்கர் நிலம் உள்ளது. 2012-ஆம் ஆண்டு தொடங்கி, தன்னார்வலர்கள் அதில் படிப்படியாக ஆப்பிள், பேரி, பிளம் முதலிய மரங்களை வளர்த்து வருகின்றனர். அங்கே பழுப்பதை யார் வேண்டுமானாலும் பறித்து உண்ணலாம்.

ஒருவரே அனைத்தையும் பறித்துச் சென்றுவிட்டால் என்ன செய்வது என்ற ஐயம் எழுவது இயல்பே. அன்னதானப் பந்தியில் அமர்ந்தவரிடம் ஊரும் பேரும் கேட்பதில்லை. பூங்காவின் கனிக்கும் அதுவே நியதி. கொள்பவர் தகுதியை ஆராயாமல் கொடுப்பதே தானம்.

நம் ஊர்களிலும் மரக்கன்றுகள் நடப்படுகின்றன. நட்ட அன்று கூடும் கூட்டம் அடுத்த சித்திரையில் வருவதில்லை. ஆடு மேய்ந்தும் நீரின்றியும் கன்று பட்டுப்போகிறது. உரிய அனுமதி பெற்று, மழைக்காலத் தொடக்கத்தில் நட்டு, வேலியிட்டு, முதல் இரண்டு கோடைகளிலேனும் தவறாமல் நீர் வார்த்தாலே கன்று வேர் பிடிக்கும்.

நடைப்பயிற்சிக்காக நாள்தோறும் பூங்காவுக்குச் செல்லும் மூத்தோருக்கு இது இயலாத பணியன்று. செல்லும்போது ஒரு குடம் நீர் வார்த்தால் போதும். விதையிலிருந்து முளைத்த விளா காய்ப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகும். நட்டவர் அக்கனியைக் காணாமலே போகலாம்.

அதனால் அத்தொண்டு குறைவுபடாது. அப்பர் பெருமான் முதிர்ந்த வயதிலும் உழவாரம் ஏந்தித் திருக்கோயில்களில் புல் செதுக்கியது, தமக்கென ஒரு பயன் கருதியன்று. இன்று நடும் விளாவின் முதற்கனியை என்றேனும் ஒரு சதுர்த்தியன்று பேரக்குழந்தை பிள்ளையாருக்குப் படைக்கும். நட்டவரின் பெயரை அக்குழந்தை அறியாமல் இருக்கலாம், பிள்ளையார் அறிவார்.