சீக்கிரம் இருட்டும் கடற்கரை ஊர்

வங்காள விரிகுடாவில் அந்தமான் தீவுகள் உள்ளன. அவற்றுள் ஒரு சிறிய தீவு ஹேவ்லாக். 2018-ல் அதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். ஆனாலும் பழைய பெயர் இன்னும் மக்கள் வாயில் இருக்கிறது.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலில் போக ஏறக்குறைய 3 நாள் ஆகும். அந்த ஊருக்கும் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று புதுப் பெயர் வந்தது. அங்கிருந்து படகில் சுமார் 2 மணி நேரம் சென்றால் ஹேவ்லாக் வரும்.

இங்கே யார் வாழ்கிறார்கள்? 1947-ல் நாடு பிரிந்தது. கிழக்கு வங்காளத்திலிருந்து பலர் வீடு வாசலை விட்டு அகதிகளாக வந்தார்கள். அவர்களில் சில குடும்பங்களை அரசு 1950களில் இந்தத் தீவில் குடியமர்த்தியது. அவர்கள் காடு திருத்தி நெல்லும் தென்னையும் பாக்கும் பயிரிட்டார்கள். இன்று அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கடை வைத்திருக்கிறார்கள். வெளியூர்க்காரருக்கு அறை வாடகைக்கு விடுகிறார்கள். சோறும் மீன் குழம்பும் தாராளமாகக் கிடைக்கும்.

தீவின் மேற்கே ராதா நகர் என்ற கிராமம் இருக்கிறது. அங்கே வெள்ளை மணல். மணலை ஒட்டி உயரமான மரங்கள். நிழலில் துண்டை விரித்துப் படுத்தால் அலைச் சத்தம் கேட்கும். வேலை செய்தே பழகியவருக்கு முதல் நாள் கை கால் பரபரக்கும். இரண்டாம் நாள் நன்றாகத் தூக்கம் வரும்.

டிசம்பரில் இங்கே மாலை 5 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஏன் தெரியுமா? அந்தமான் நமக்கு வெகு தூரம் கிழக்கே இருக்கிறது. கிழக்கே உள்ள ஊரில் பொழுது முன்னதாக விடியும், முன்னதாகச் சாயும். ஆனால் கடிகார மணி நாடு முழுவதும் ஒன்றுதான். ஆகவே கடலில் குளிப்பவர்கள் நேரத்தோடு கரை ஏற வேண்டும்.

கண்ட இடத்தில் குளிக்கவும் கூடாது. அலையாத்திக் காட்டு ஓடைகளில் உவர்நீர் முதலைகள் வாழ்கின்றன. அவை கடலிலும் நீந்தும். 2010-ல் ராதா நகர் அருகே நீந்திய ஒரு வெளிநாட்டுப் பெண்ணை முதலை கொன்றுவிட்டது. எச்சரிக்கைப் பலகை இருந்தால் நின்று படியுங்கள். அது தமிழில் இல்லாமல் போகலாம். பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் என்ன?

கரையில் பவளத் துண்டுகள் கிடக்கும். பிள்ளைகளுக்கு விளையாடக் கொண்டு போகலாமா? கூடாது, அது சட்டப்படி குற்றம். பவளப்பாறை வெறும் கல் அல்ல. சின்னஞ்சிறு உயிர்கள் கூடிக் கட்டியது. மீன் குஞ்சுகள் அதன் இடுக்குகளில்தான் ஒளிந்து வளர்கின்றன.

மே முதல் நவம்பர் வரை மழைக்காலம். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை போவது நல்லது. அப்போதும் ஒரு நாள் செலவுக்குப் பணம் கூடுதலாகக் கையில் இருக்கட்டும்.