பிள்ளை வார்டைத் தாண்டிய பிறகு

குருவிட்டப் பகுதித் தோட்டமொன்றில் பிறக்கும் குழந்தையின் முதல் ஐந்தாண்டுகளை எத்தனை பேருடைய கண்கள் கவனிக்கின்றன என்பதைச் சென்ற இதழில் விரிவாகப் பார்த்தோம். மருத்துவிச்சி அம்மா லயத்துக்கே வருகிறார். பிள்ளைக்காம்பராவில் நிறை பார்க்கிறார்கள். பேச்சு வரத் தாமதித்தாலும், பெயர் சொல்லி அழைத்தும் குழந்தை திரும்பிப் பாராவிட்டாலும், அதைக் கொப்பியில் குறித்து மேலிடத்துக்கு அனுப்ப ஒரு வழி இருக்கிறது. பேராசிரியை ஹேமமாலி பெரேராவும் அவருடைய சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட பருவத்தில் தாம் பரிசோதித்த இலங்கைக் குழந்தைகளுள் ஏறத்தாழ 93 பேருக்கு ஒருவரிடம் ஓட்டிசம் இருந்ததென்று கண்டது. அதற்குப் பிறகு இந்நாட்டில் குழந்தைகளைப் பற்றிய அக்கறை வளர்ந்திருக்கிறது என்பதை எவரும் மறுக்க இயலாது. ஆயினும் அன்று ஆராயப்பட்ட அந்தக் குழந்தைகள் இன்று பெரியவர்களாகிவிட்டார்கள். அவர்கள் இப்போது எந்த வைத்தியரிடம் போகிறார்கள், எந்த வரிசையில் நிற்கிறார்கள் என்ற விஷயத்தையே இந்த வாரம் எடுத்துக்கொள்கிறேன்.

ஓட்டிசமும், அறிவு வளர்ச்சிக் குறைபாடும், கவனம் ஓரிடத்தில் நிலைகொள்ளாத மிகைச்செயற்பாடும், இவற்றோடு சேர்த்துப் பேசப்படவேண்டிய டவுன் சின்ட்ரோமும், மூளை உருவாகி வளரும் காலத்திலேயே அமைந்து ஆயுள் முழுவதும் மனிதனோடு கூடவே வருபவை. பதினெட்டு வயதில் அவை விடைபெற்றுச் செல்வதில்லை. விடைபெற்றுச் செல்வது நம்முடைய கவனிப்புத்தான். கட்டாயக் கல்வியின் எல்லை 16 வயதோடு முடிகிறது. விசேட கல்வி வகுப்பு ஒன்று அருகில் இருந்து, அதில் பிள்ளை சேர்க்கப்பட்டிருந்தால், அதுவும் அந்த அளவில் நின்றுவிடுகிறது. குழந்தை வைத்திய நிபுணர், மீசை அரும்பிய வாலிபனைத் தம் வார்டில் வைத்துக்கொள்ள இயலாது என்கிறார். பெரியவர்களுக்கான வைத்தியரோ, இத்தகைய ஒருவனைப் பற்றிப் படித்ததெல்லாம் குழந்தைப் பருவத்தைப் பற்றிய அத்தியாயத்தில்தான் என்று எண்ணுகிறார். இடையில் அகப்பட்டுக்கொண்ட குடும்பத்துக்குத் திறந்திருக்கும் ஒரே கதவு மனநலக் கிளினிக்கின் கதவு.

அந்தக் கதவு திறந்திருப்பதே ஒரு பெரும் முன்னேற்றம் என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். 1873ஆம் ஆண்டின் சட்டம் மனம் பேதலித்தவர்களாகக் கருதப்பட்டோரைச் சமூகத்திலிருந்து பிரித்துக் காவலில் வைப்பதையே பிரதானமாகக் கொண்டிருந்தது. பின்னர் 1920களில் அங்கொடையில் எழுந்த பெரிய ஆஸ்பத்திரியே, தீவின் எந்த மூலையில் ஒருவன் விசித்திரமாக நடந்துகொண்டாலும் அவன் போய்ச் சேரவேண்டிய இடமாக நெடுங்காலம் இருந்தது. அங்கே போனவர்களுள் எத்தனையோ பேர் மனநோயாளிகளே அல்லர். பிறவியிலேயே வேறு விதமாக அமைந்த மூளையோடு பிறந்து, பராமரிப்பாரில்லாமல் போனவர்கள். சுனாமிக்குப் பின் 2005இல் வகுக்கப்பட்ட மனநலக் கொள்கை, சிகிச்சையைத் தலைநகரிலிருந்து மாவட்டங்களுக்குக் கொண்டுவர முயன்றது. அதன் பயனாக, சிவனொளிபாதமலைக்கு எரத்ன வழியாக ஏறும் யாத்திரிகர்கள் இறங்கும் குருவிட்டச் சந்தியில் நின்று பஸ் பிடிக்கும் ஒரு தோட்டத்துத் தாய், இன்று அங்கொடைக்குப் போகவேண்டியதில்லை. தன் மாவட்டத்துக்குள்ளேயே மாதாந்தக் கிளினிக்கில் மகனைக் காட்டிவிட்டு, மாலைக்குள் லயத்துக்குத் திரும்பிவிடலாம். அந்தக் கிளினிக்கிலே என்ன நடக்கிறது, என்ன நடக்காமல் போகிறது என்பதுதான் என் கவலை.

எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தோட்டம் என்பதைக் குறிப்பிடாமல் ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். குறிப்பிடுவதால் பயனில்லை, ஏனெனில் இது எங்கும் நடப்பது. இறப்பர் தோட்டமொன்றின் லயத்தில், முப்பது வயதை நெருங்கிய ஒருவர் தாயோடு வசிக்கிறார். நாலைந்து சொற்களுக்கு மேல் பேச்சில்லை. விறகு சுமப்பார், பீலித் தண்ணீர் பிடித்து வருவார், பிரட்டுக்களத்தில் சங்கு ஊதும் ஓசை கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார். மற்றபடி சாந்த சுபாவம். சில வருஷங்களுக்கு முன் இரவில் உறங்காமல் உலாவத் தொடங்கியபோது அவருக்கு மாத்திரைகள் எழுதப்பட்டன: அமைதிப்படுத்துவதற்கு ஹலோபெரிடோல், அதனால் கைகால் விறைப்பதைத் தடுக்கப் பென்ஸ்ஹெக்ஸோல். உறக்கம் வந்தது. ஆனால் நாளடைவில் அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளத் தொடங்கினார். சுவரில் தலையை மோதினார். ஒருநாள் தடுக்க வந்த தாயைப் பிடித்துத் தள்ளிவிட்டார். லயத்தின் சுவரோ ஒரு வீட்டின் இருமலை மறுவீட்டுக்கு எடுத்துச் சொல்லும் சுவர். பக்கத்துக் காம்பராக்காரர்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? கோடாங்கியை அழைத்துப் பார்த்தார்கள். அதன் பின் கிளினிக்கில் சொன்னார்கள். மாத்திரையின் அளவு கூடியது. அளவு கூடக்கூட மனிதர் மேலும் மூர்க்கமானார்.

தோட்டத்து டிஸ்பென்சரியிலிருந்தவர் பழைய அனுபவசாலி. அவரிடம் வேறு எதற்கோ போன தாய் அழுதபோது, அவர் லயத்துக்கே வந்து, அந்த வாலிபரைப் படுக்கவைத்து வயிற்றில் கைவைத்துப் பார்த்தார். இடது பக்கம் முழுவதும் கல்லாக இருந்தது.

“தம்பி கடைசியா எப்ப வெளிக்கிப் போச்சு?” என்று கேட்டார்.

“தெரியலீங்க ஐயா. சின்னப் புள்ளையா இருந்தா கூடவே போவேன். இப்ப பெரிய ஆம்பளையாப் போயிட்டான், கூடப் போகவா முடியும்?”

இந்த ஒரு பதிலில் வளர்ந்தவர்களின் சிகிச்சைக்கும் குழந்தைகளின் சிகிச்சைக்கும் உள்ள வேற்றுமை முழுவதும் அடங்கியிருக்கிறது. குழந்தையின் சரீரத்தில் நிகழும் ஒவ்வொன்றும் தாய்க்குப் பிரத்தியட்சம்; வளர்ந்த மகனோ, லயத்தின் கோடியில் பல குடும்பங்களுக்குப் பொதுவாக அமைந்த கக்கூசுக்கு அட்டைக்கடியைத் தாண்டித் தனியே போய்வருகிறான், உள்ளே என்ன நடந்தது என்று எவருக்கும் தெரியாது, அவனாலும் சொல்ல முடியாது. பென்ஸ்ஹெக்ஸோல் குடலின் அசைவை மந்தமாக்கும் மருந்து, காலையும் மாலையும் கோதுமை மாவு ரொட்டியும் வெறுந்தேநீருமே ஆகாரம், தண்ணீர் குறைவு. மருந்து மலத்தைக் கட்ட, கட்டிய மலம் வேதனையைத் தர, அந்த வேதனை மூர்க்கமாக வெளிப்பட, அதை மனத்தின் விகாரமென்று கருதி மேலும் அதே மருந்தைக் கொடுத்த விஷச்சுழல் அது. வயிறு கழுவப்பட்டு, மனநல வைத்தியரே நிலைமையை உணர்ந்து மாத்திரைகளை மெல்ல மெல்லக் குறைத்த பிறகு, அவர் மறுபடியும் தண்ணீர் பிடிக்கப் போகலானார். இது அற்பமான உபாதை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இங்கிலாந்தில் அறிவு வளர்ச்சிக் குறைபாடுடையோரின் மரணங்களை ஒவ்வொன்றாக ஆராயும் ஏற்பாடு, தடுத்திருக்கக்கூடிய மரணங்களின் காரணங்களுள் ஒன்றாக மலச்சிக்கலையே குறிப்பிட்டு எச்சரித்திருக்கிறது.

வைத்தியர்கள் அசட்டையானவர்கள் என்பதால் இது நிகழ்வதில்லை; கற்ற அறிவே சில வேளைகளில் கண்ணை மறைத்துவிடுவதால் நிகழ்கிறது. 1982இல் அமெரிக்காவில் ஸ்டீவன் ரைஸ் என்ற உளவியலறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு பரீட்சை செய்தார்கள். கடுமையான அச்சத்தினால் பீடிக்கப்பட்ட ஒருவரைப் பற்றிய ஒரே வர்ணனையைப் பல உளவியலாளர்களிடம் கொடுத்தார்கள். சிலருக்குக் கொடுத்த பிரதியில் மட்டும், அந்நபருக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு உண்டு என்ற தகவலைச் சேர்த்திருந்தார்கள். அந்தத் தகவலைப் படித்தவர்கள், அவருக்குச் சிகிச்சைக்குரிய அச்சநோய் இருப்பதாகக் கருதுவது கணிசமாகக் குறைந்தது. மனநோயின் விஷயத்திலேயே இப்படியென்றால், சொத்தைப் பல்லும், சீழ் பிடித்த காதும், இரைப்பைப் புண்ணும் எப்படிக் கண்ணில் படும்? ‘அவன் அப்படித்தான்’ என்ற இரண்டு சொற்களுக்குள் எத்தனையோ நோய்கள் புதைந்து போகின்றன.

மருந்தின் விஷயத்தில் செல்வம் மிகுந்த நாடுகளும் தவறியே இருக்கின்றன. தகுந்த மனநோய்க் காரணம் எதுவும் இன்றியே, அறிவு வளர்ச்சிக் குறைபாடுடைய பெரியவர்கள் 30,000 முதல் 35,000 பேர்வரை அன்றாடம் மனநல மருந்துகளை உட்கொள்வதாக இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2015இல் மதிப்பிட்டது. மறுவருஷமே மிகைமருந்தைக் குறைப்பதற்கான இயக்கம் ஒன்று அங்கே அரசாங்க ஆதரவோடு தொடங்கிற்று. ஓட்டிசத்தின் மூல லட்சணங்களை மாற்றும் மாத்திரை இன்றுவரை உலகில் கிடையாது. ரிஸ்பெரிடோன் முதலியவை அதனோடு சேர்ந்து வரும் கடும் எரிச்சலையும் கொந்தளிப்பையும் தணிப்பதற்கு மட்டுமே உதவுபவை. அதற்கு விலையாக உடல் பருக்கும், இரத்தத்தில் சீனி ஏறும்.

இவ்வளவையும் படித்துவிட்டு, வீட்டிலிருக்கும் மாத்திரைகளை எடுத்து எறிந்துவிட வேண்டாமென்று வாசகர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். இவர்களுக்கும் மனச்சோர்வு வரும், சித்தப்பிரமை வரும், மற்றவர்களுக்கு வருவதைக் காட்டிலும் அதிகமாகவே வரும்; அப்போது மனநல மருந்து உயிர் காப்பது. வலிப்பு உடையவர்கள் சோடியம் வல்புரோயேற்றையோ பினோபாபிற்றோனையோ திடீரென நிறுத்தினால் தொடர் வலிப்பு வந்து பிராணாபாயம் நேரலாம். வல்புரோயேற் உட்கொள்ளும் பெண் கருத்தரிக்கும் வயதினளாயின் அதை வைத்தியரிடம் அவசியம் கேட்கவேண்டும், ஏனெனில் அது கருவைப் பாதிக்கும். ‘இவளுக்கு எங்கே கலியாணம்’ என்று அந்தக் கேள்வியையே தவிர்த்துவிடுவது, நம்மவர்கள் இப்பெண்களுக்குச் செய்யும் அநீதிகளுள் ஒன்று.

டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. ஜோன் லாங்டன் டவுன் 1866இல் விவரித்த இந்நிலைக்கு இருபத்தோராம் நிறமூர்த்தம் ஒன்று மிகையாக இருப்பதே காரணமென்பது 1959இல் தெரியவந்தது. ஒரு தலைமுறைக்கு முன்பு இளமையிலேயே மாண்டுபோன இவர்கள், வசதியுள்ள நாடுகளில் இன்று சராசரியாக அறுபது வயதுவரை வாழ்கிறார்கள். நம் தோட்டங்களிலும் நாற்பதைக் கடந்தவர்களை நான் காண்கிறேன். அந்த வயதில் ஒரு பெண்மணி சோர்ந்து, பேச்சுக் குறைந்து, தெரிந்த பாதையில் தடுமாறினால், தைரொயிட் சுரப்பி மந்தமாகியிருக்கலாம். அது ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், நாளுக்கொரு மாத்திரையில் சீராகும். கண்ணில் புரை விழுந்திருக்கலாம். அல்லது அல்ஸைமர் என்னும் மறதிநோய், மற்றவர்களுக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே, தொடங்கியிருக்கலாம். இம்மூன்றையும் பிரித்தறிய முயலாமல் ‘வயசாகிறது’ என்று விட்டுவிடுவதை என் மனம் ஒப்பவில்லை.

இனித் தோட்டத்தின் கதைக்கு வருகிறேன். கிளினிக்கில் மருத்துவர் பெரும்பாலும் சிங்களம் பேசுபவர். நம் தாய்மாருக்கோ, குருவிட்டச் சந்தையில் மரக்கறி பேரம் பேசுவதற்குப் போதுமான சிங்களம் சரளமாக வரும், மகனுடைய வலி எந்த இடத்தில் எந்த விதமாகத் தொடங்கியது என்று சொல்ல அது போதாது. வைத்தியரும் இரண்டொரு வருஷத்தில் இடம் மாறிப் போய்விடுகிறார். புதியவர் வந்து கொப்பியைப் புரட்டினால், முந்தைய மாதத்து மாத்திரைகளின் பெயர் இருக்கிறது, அவை ஏன் ஆரம்பிக்கப்பட்டன என்பது இல்லை. நெரிசல் மிகுந்த கிளினிக்கில், பேச்சில்லாத ஒருவரின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவும் அவகாசம் கிடைப்பதில்லை.

எனவே இதைத் தோட்டத்து டிஸ்பென்சரியிலேயே தொடங்கவேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்குத் தோட்டம் பொறுப்பு என்பதை 1912ஆம் ஆண்டின் சட்டமே வற்புறுத்திற்று; 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பனிகளின் நிருவாகத்துக்குப் போன இத்தனை மாறுதல்களுக்கிடையிலும், எத்தனையோ தோட்டங்களில் அந்தச் சிறிய கட்டடமும் அதில் ஒருவரும் எஞ்சியிருக்கிறார்கள். அங்கிருப்பவர் தமிழ் பேசுகிறார். குடும்பத்தைத் தலைமுறையாக அறிவார். வருஷத்துக்கு ஒரு தடவை, தோட்டத்திலுள்ள இத்தகைய பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் காதில் வெளிச்சம் அடித்துப் பார்த்து, வாயைத் திறந்து பற்களைப் பார்த்து, வயிற்றைத் தொட்டு, நிறையும் இரத்த அழுத்தமும் குறித்து, சீனிக்கும் தைரொயிட்டுக்கும் இரத்தம் எடுத்து அனுப்ப எவ்வளவு செலவாகிவிடும்? இங்கிலாந்தில் 14 வயதிலிருந்தே இவர்களுக்கு ஆண்டுப் பரிசோதனை உண்டு. அத்தகைய நாட்டிலேயே 2013இல் வெளியான விசாரணை அறிக்கை, அறிவு வளர்ச்சிக் குறைபாடுடைய ஆண்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 13 ஆண்டுகளும், பெண்கள் 20 ஆண்டுகளும் முன்னதாக இறப்பதாகக் காட்டியது என்றால், எந்தப் பரிசோதனையும் இல்லாத லயங்களில் கணக்கு எப்படியிருக்கும் என்பதை எண்ணிப்பார்க்கவே நெஞ்சு பதறுகிறது.

அந்த ஏற்பாடு வரும்வரை குடும்பத்தார் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றை எடுத்து, அதில் உறக்கம், சாப்பாடு, மலம், வலிப்பு, மாதவிடாய் ஆகியவற்றையும், வழக்கத்துக்கு மாறான நடத்தை எந்த நாளில் எந்த வேளையில் தோன்றியது என்பதையும் எழுதிவைக்கலாம். எழுதத் தெரியாத தாய்க்குப் பக்கத்துக் காம்பராவில் படிக்கும் பிள்ளை எழுதிக் கொடுக்கும். கிளினிக்குக்குப் போகும்போது மாத்திரைகளை உறையோடு கொண்டுபோகவேண்டும். புதிதாக ஒன்றை எழுதும்போது, “இது எதுக்குங்க ஐயா, எப்ப நிறுத்துவீங்க?” என்று கேட்கவேண்டும், கேட்பது மரியாதைக் குறைவாகாது. நடத்தை திடீரென்று மாறினால், மாத்திரையைக் கூட்டுவதற்கு முன்னால் உடம்பைப் பாருங்கள் என்று கூசாமல் சொல்லவேண்டும்.

தாய்க்குப் பிறகு அந்தக் கொப்பியை யார் வைத்திருப்பது, ஊனமுற்றோரின் உரிமைகளுக்கென 1996இல் இயற்றப்பட்ட 28ஆம் இலக்கச் சட்டம் அதற்கு என்ன வழி செய்திருக்கிறது, பிரதேச செயலகத்தின் மாதாந்த உதவித்தொகைக்கு எப்படி விண்ணப்பிப்பது ஆகியவற்றை அடுத்த வாரம் கவனிப்போம்.

(தொடரும்)