சீலியாக் நோயும் அழகுப்பொருள்களும்: எதைப் பார்த்து வாங்குவது, எதற்கு அஞ்ச வேண்டியதில்லை

சீலியாக் நோய் என்று உறுதியானவர்களிடம், கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களை வாழ்நாள் முழுவதும் விலக்க வேண்டும் என்று கூறுகிறோம். முதல் வருகையில் நோயாளிகளும் குடும்பத்தாரும் சமையலறையைப் பற்றியே கேட்கிறார்கள். அடுத்த வருகையில் குளியலறை அலமாரியைப் பற்றிய கேள்விகள் தொடங்குகின்றன. முகக்களிம்பில் கோதுமைப் புரதம் இருக்கலாமா? உதட்டுச்சாயம் பூசிக்கொள்ளலாமா? 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட்ட, விலை கூடுதலான ஷாம்புவைத்தான் வாங்க வேண்டுமா? அம்மா கோதுமைப் புரதம் கலந்த களிம்பைப் பூசியிருந்தால் குழந்தை முத்தமிடலாமா?

இவற்றுக்கு அடிப்படையான விடை ஒன்றுதான். சீலியாக் நோயில் தீங்கு செய்வது வாய்வழியாகக் குடலை அடையும் குளூட்டனே. தோலின்மேல் தங்கும் குளூட்டன் அன்று. இந்த ஒரு விதியைச் சரியாகப் புரிந்துகொண்டால், எந்தப் பொருளுக்குக் கவனம் தேவை, எதற்குத் தேவையில்லை என்பதை நீங்களே முடிவு செய்யலாம். விதிக்கு வெளியே நிற்கும் சில நிலைகளும் உள்ளன. அவற்றையும் இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

தோலின் வழியே குளூட்டன் உட்புகுமா?

குளூட்டன் என்பது கோதுமை முதலிய தானியங்களில் உள்ள பசைத்தன்மை கொண்ட புரதத் தொகுதி. மரபுவழியில் இந்நோய்க்கு இடமுள்ளவர்களின் சிறுகுடலை அது அடையும்போது, உடலின் எதிர்ப்பாற்றல் தவறாகத் தூண்டப்பட்டுக் குடலின் உட்சுவரையே தாக்குகிறது. உணவுச் சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. இரத்தச்சோகை, வயிற்றுப்போக்கு, எலும்புத் தேய்வு, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவு ஆகியவை இதன் விளைவுகள். இந்தச் செயல் நிகழும் களம் குடல்.

தோலின் மேலடுக்கோ வேறு வகையான சுவர். ஏறத்தாழ 500 டால்டனுக்கு மேற்பட்ட எடையுள்ள மூலக்கூறுகள் காயமற்ற தோலின் வழியே எளிதில் உட்செல்வதில்லை என்பது தோல் மருத்துவத்தில் பொதுவாக ஏற்கப்பட்ட அளவுகோல். குளூட்டனின் முக்கியப் பகுதியான கிளையாடின் புரதங்களோ பெரும்பாலும் 30,000 டால்டனுக்கு மேற்பட்டவை. ஆகவே ஷாம்பு, குளியல் சோப்பு, உடற்களிம்பு, நகச்சாயம், கண்மை, முகப்பவுடர் ஆகியவற்றில் கோதுமையிலிருந்து எடுத்த பொருள் இருந்தாலும், அது தோலின் வழியே சென்று குடலைத் தாக்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை. இவற்றுக்காக விலை கூடிய தனிப் பொருள்களை வாங்கும் தேவையும் இல்லை.

வாயை எட்டும் பொருள்கள்

கவனத்துக்குரியவை வாயை எட்டுபவை: உதட்டுச்சாயம், லிப் பாம், பற்பசை, வாய் கொப்பளிக்கும் திரவம், கைக்களிம்பு. இவற்றிலும் அச்சத்தின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.

சீலியாக் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்குக் குறைவான குளூட்டன் குடலைப் புண்படுத்துவதில்லை என்று கருதப்படுகிறது. கோதுமைச் சப்பாத்தி ஒன்றில் மட்டும் ஏறத்தாழ 2 முதல் 3 கிராம், அதாவது 2,000 முதல் 3,000 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். இவ்விரு எண்களையும் மனத்தில் நிறுத்திக்கொண்டு உதட்டுச்சாயத்தைப் பார்ப்போம்.

அமெரிக்கப் பெண்களிடம் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வின்படி, ஒருவர் நாளொன்றுக்குப் பூசும் உதட்டுச்சாயம் சராசரியாக 24 மில்லிகிராம். அதில் நூற்றுக்கு 5 பங்கு கோதுமைப் புரதம் என்றும், பூசியது முழுவதும் விழுங்கப்படுகிறது என்றும் வைத்துக்கொண்டாலும், உட்செல்வது 1.2 மில்லிகிராம்தான். உண்மையில் இவ்விரண்டும் மிகைப்படுத்திய கணக்கே. எனவே திருமணத்துக்குச் சென்ற இடத்தில் ஒருநாள் பிறருடைய உதட்டுச்சாயத்தைப் பூசிக்கொண்டுவிட்டோமே என்று கலங்க வேண்டாம்.

பற்பசை குறித்தும் ஆய்வு உண்டு. இத்தாலிய ஆய்வாளர்கள் பற்பசை, வாய் கொப்பளிக்கும் திரவம், உதட்டுப்பூச்சு எனக் கடைகளில் கிடைத்த 66 பொருள்களைச் சோதித்தனர். 62 பொருள்களில் குளூட்டன், பத்து லட்சத்தில் 20 பங்கு என்ற வரம்புக்குள் இருந்தது. உணவுப்பொருளைக் குளூட்டன் இல்லாதது என்று கூறுவதற்கு நம் நாட்டிலும் இதுவே வரம்பு. மூன்று பற்பசைகளிலும் ஒரு லிப் பாமிலும் மட்டும் சற்றுக் கூடுதலாக, 35 பங்கு வரை, இருந்தது. அத்தகைய பற்பசையை ஒருவர் நாளொன்றுக்கு 3 கிராம் பயன்படுத்தி, துப்பாமல் அத்தனையும் விழுங்கினாலும், உட்செல்லும் குளூட்டன் 0.1 மில்லிகிராம் அளவே.

அப்படியானால் உதட்டுக்கும் பல்லுக்கும் உரிய பொருள்களில் குளூட்டன் இல்லாதவற்றைத் தேர்ந்தெடுங்கள் என்று நாங்கள் ஏன் சொல்கிறோம்? அன்றாடம் பலமுறை பூசுபவை அவை, தவிர்ப்பதும் எளிது. உணவில் நம்மை அறியாமல் சேரும் சிறு அளவுகளோடு இதுவும் கூட வேண்டாம் என்பதே காரணம். இது முன்னெச்சரிக்கை, நெருக்கடியன்று.

கைக்களிம்பைப் பொறுத்தவரை, நாம் கையால் பிசைந்து உண்பவர்கள். களிம்பு பூசிய கையோடு உணவைத் தொடாமல், சோப்பும் நீரும் கொண்டு கழுவிவிட்டு உண்டால் போதும். களிம்பையே மாற்ற வேண்டியதில்லை.

தோலே நோய் காட்டும் இரு நிலைகள்

கோதுமை ஒவ்வாமை என்பது சீலியாக் நோயினின்று வேறானது. இதில் கோதுமைப் புரதம் தோலில் பட்டாலே தடிப்பு, அரிப்பு, கண்ணிமை வீக்கம் தோன்றலாம். ஜப்பானில் நிகழ்ந்தது இதற்குப் பெரிய சான்று. அங்கு நீராற்பகுத்த கோதுமைப் புரதம் கலந்த ஒருவகை முகச்சோப்பைப் பயன்படுத்தியவர்களில் 2,000க்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை ஒவ்வாமை புதிதாக ஏற்பட்டது. அதுவரை தடையின்றிக் கோதுமை உண்டுவந்தவர்கள், உண்டபின் உடலுழைப்பில் ஈடுபட்டபோது மூச்சுத்திணறலும் மயக்கமும் அடைந்தனர். 2011இல் அச்சோப்பு திரும்பப் பெறப்பட்டது. நாள்தோறும் முகத்தில் தேய்த்ததும், சோப்பின் அழுக்கு நீக்கும் பொருள் தோலின் மேலடுக்கைத் தளர்த்தியதும், கண், மூக்கு ஆகியவற்றின் மென்சவ்வில் அது பட்டதும் காரணங்கள் என்று கருதப்படுகின்றன. பின்னர் ஐரோப்பிய ஒன்றியம், அழகுப்பொருள்களில் சேர்க்கும் இவ்வகைப் புரதத் துணுக்குகளின் சராசரி எடை 3,500 டால்டனைத் தாண்டக்கூடாது என்று விதித்தது. கோதுமை ஒவ்வாமை உள்ளவர்களும், தோல் வெடித்துப் புண்ணான கரப்பான் நோயாளிகளும் கோதுமைப் புரதம் கலந்த பூச்சுகளைத் தவிர்ப்பதே முறை.

இரண்டாவது, டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ் எனப்படும் தோல் நோய். சீலியாக் நோய் தோலில் காட்டும் முகம் இது. முழங்கை, முழங்கால், பிட்டம், தலைச்சருமம் ஆகிய இடங்களில் கடும் அரிப்புடன் சிறு கொப்புளங்கள் கூட்டமாகத் தோன்றும். தோலில் தோன்றினாலும் இதன் காரணம் உண்ட குளூட்டனே, பூசிய களிம்பன்று. 'புதிய சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை' என்று எண்ணிப் பலர் சோப்பை மாற்றுவதிலேயே மாதங்களைக் கழித்துவிடுகின்றனர். தோல் மாதிரியை எடுத்துச் சோதித்தால் நோய் தெளிவாகும். டாப்ஸோன் மாத்திரை சில நாள்களில் அரிப்பைத் தணிக்கும்; குளூட்டன் நீக்கிய உணவே நிலையான தீர்வு. இங்கு ஒரு வேண்டுகோள்: சோதனைக்கு முன்பே நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் சோதனை முடிவு தெளிவற்றதாகிவிடும்.

உறையில் எதைத் தேடுவது?

இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் அழகுப்பொருள் விதிகளின்படி, உறையில் உட்பொருள்களின் பட்டியல் இருக்க வேண்டும். நூற்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளவை மிகுதியிலிருந்து குறைவாக வரிசைப்படுத்தப்படும். அதற்குக் குறைந்தவை எந்த வரிசையிலும் வரலாம். ஆகவே உதட்டுப்பூச்சு வாங்கும்போது பட்டியலைக் கடைசிவரை படியுங்கள்.

தேட வேண்டிய பெயர்கள்: ட்ரிட்டிகம் வல்கேர் (கோதுமை), ஹோர்டியம் வல்கேர் (பார்லி), செகாலே செரியாலே (ரை), ஹைட்ரோலைஸ்டு வீட் புரோட்டீன் (நீராற்பகுத்த கோதுமைப் புரதம்), மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (பெரும்பாலும் பார்லி முளைச்சாறு). ஹைட்ரோலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன் என்று மட்டும் இருந்தால், எந்தத் தாவரம் என்பதை நிறுவனத்திடம் கேட்கலாம். அவேனா சடைவா என்பது ஓட்ஸ். அது தோலில் பூசும் பொருளில் இருந்தால் சீலியாக் நோயாளிகளுக்குக் கவலையில்லை. கோதுமை முளை எண்ணெய் சுத்திகரிக்கப்பட்டதாயின், அதில் புரதம் மிகச் சொற்பம். உறையில் இவை ஆங்கில எழுத்துகளில் இருக்கும். மருந்தாளுநரிடம் கேட்டு ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் ஒலியைக் கொண்டு ஏமாற வேண்டாம். குளூட்டதயோன், குளூட்டாமிக் அமிலம் ஆகியவை குளூட்டன் அல்ல. மறுபுறம், 'இயற்கையானது', 'மூலிகை', 'சைவம்' என்னும் சொற்கள் குளூட்டன் இல்லை என்பதற்கு உறுதியளிப்பவை அல்ல, கோதுமையும் இயற்கையானதே.

நலங்கு மாவும் அரவை மில்லும்

கடையில் வாங்குவதைவிட வீட்டில் அரைத்ததே பாதுகாப்பு என்ற எண்ணம் நம்மிடம் உண்டு. பச்சைப்பயறு, கடலைப்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ சேர்த்த நலங்கு மாவில் குளூட்டன் இல்லை. ஆனால் அதே மில்லில் சற்றுமுன் கோதுமை அரைத்திருந்தால், அந்த மாவு கலந்தே வரும். பூசிக் குளிப்பதற்கு அது தடையன்று. அந்த மாவு தூசியாகப் பறந்து மூக்கிலும் வாயிலும் சென்று விழுங்கப்படுவதுதான் தவிர்க்க வேண்டியது. மாட்டுத் தீவனத் தூசியை அன்றாடம் சுவாசித்த இரு விவசாயிகளுக்கு, உணவில் கட்டுப்பாடு இருந்தும் நோய் அடங்காதிருந்ததை 2007இல் மருத்துவ இதழொன்று பதிவு செய்துள்ளது. நலங்கு மாவை வீட்டு மிக்ஸியில் அரைப்பதும், நீரில் குழைத்தபின் பூசுவதும் போதுமான காப்பு. கோதுமைத் தவிடோ கோதுமை மாவோ சேர்த்த முகப்பூச்சுக்குப் பதிலாக அரிசி மாவையோ கடலை மாவையோ பயன்படுத்துங்கள்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில்

நோயுள்ள குழந்தையை அணைக்கவும் முத்தமிடவும் பெற்றோர் தயங்கக்கூடாது. கைக்குழந்தை தாயின் கன்னத்தையும் கையையும் நக்கும் பருவத்தில் மட்டும், அவ்விடங்களில் பூசும் களிம்பு கோதுமைப் புரதம் அற்றதாக இருப்பது நல்லது. பற்பசையை விழுங்கும் வயதில், பட்டியலைப் பார்த்து வாங்குங்கள். குழந்தைகள் விளையாடும் வண்ண மாவுக்களிமண்ணில் பலவற்றில் கோதுமை மாவு உண்டு. விளையாடியபின் கை கழுவும் பழக்கமே இதற்குப் போதும்.

முதலில் எங்கே பார்ப்பது?

2016இல் வெளியான ஆய்வொன்றின்படி சீலியாக் நோய் வட இந்தியாவில் நூற்றுக்கு 1.23 பேருக்கும், தென்னிந்தியாவில் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் இருந்தது. நம் பகுதியில் இந்நோய் அரிது என்பதால், வழிகாட்டுபவர்களும் குறைவு. கேள்விப்பட்டவற்றால் எழும் அச்சம் அதிகம். விளைவாக, அழகுப்பொருள்களுக்குப் பெரும்பணம் செலவிடும் குடும்பத்தில், சாம்பாரில் இடும் கூட்டுப் பெருங்காயத்தைப் பற்றி எவரும் எண்ணியிருப்பதில்லை. அப்பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ சேர்க்கப்படுகிறது. ரவை, சேமியா, சோயா சாஸ், மால்ட் பானங்கள், பொதுவான தோசைக்கல், ஒரே எண்ணெயில் பொரித்த பூரியும் அப்பளமும் ஆகியவையே குளூட்டன் நுழையும் முதன்மை வாயில்கள்.

எனவே உணவுக் கட்டுப்பாட்டுக்குப் பின்னும் அறிகுறிகள் நீடித்தாலோ, இரத்தத்தில் டிடிஜி எதிர்ப்பொருள் அளவு குறையாவிட்டாலோ, முதலில் தட்டையும் சமையலறையையும் ஆராயுங்கள். அடுத்து உட்கொள்ளும் மாத்திரைகளைப் பற்றி மருந்தாளுநரிடம் கேளுங்கள். அதன்பின் உதட்டுப்பூச்சையும் பற்பசையையும் பாருங்கள். ஷாம்புவும் சோப்பும் நகச்சாயமும் இப்பட்டியலில் இல்லை. ஏதேனும் ஒரு பூச்சு உங்கள் தோலுக்கு எரிச்சல் தந்தால், குளூட்டன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைக் காணுங்கள். பெரும்பாலும் நறுமணப் பொருளோ, கெடாமல் காக்கச் சேர்த்த வேதிப்பொருளோ காரணமாக இருக்கும்.

வாழ்நாள் முழுவதும் கைக்கொள்ள வேண்டிய கட்டுப்பாடு இது. தேவையற்றவற்றையும் அதில் சேர்த்துக்கொண்டால், நாளடைவில் சலிப்புற்றுத் தேவையானதையும் கைவிட நேரும். வளரிளம் பருவத்தினரிடம் இதை நாங்கள் குறிப்பாகக் கவனிக்கிறோம். அலங்கரித்துக்கொள்வதற்குத் தடையில்லை என்று அவர்களிடம் தெளிவாகச் சொல்லுங்கள். உணவில் உறுதியாக இருக்க அதுவும் துணை செய்யும். ஐயமுள்ள பொருளை உறையோடு அடுத்த வருகையின்போது எடுத்து வாருங்கள். எங்கள் உணவியல் பிரிவில் பட்டியலை உங்களோடு அமர்ந்து படித்துப் பார்க்கிறோம்.