சிறு சங்கீத மேடைகளின் கதி

பெரு நதியைப் புகழ்வோர் அது பிறக்கும் சுனையை நினைப்பதில்லை. சங்கீத உலகத்திலும் இதுவே வழக்கமாக இருக்கிறது. பதினாயிரக்கணக்கான ஜனங்கள் கூடும் மைதானக் கச்சேரிகளைப் பத்திரிகைகள் பத்தி பத்தியாக வருணிக்கின்றன. அங்கே பாடுவோர் முதன் முதலில் ஏறிய சிறு மேடையை நினைப்பார் இல்லை.

பிரிட்டனில் ஆண்டுதோறும் ஜனவரி மாதக் கடைசியில் ‘சுயேச்சை மேடை வாரம்’ கொண்டாடப்படுவது வழக்கம். 2014-ம் வருஷத்தில் ஆரம்பமான இவ்வாரத்தில், இசைக்குழுக்கள் ஊர்தோறும் சிறு கிளப்புகளில் பாடுகின்றன. அத்தகைய ஓர் இரவை நேயர்கள் மனக்கண்ணால் காணலாம். இருநூறு முந்நூறு பேர் நெருக்கி நிற்கக்கூடிய ஒரு கூடம். ஒன்றன்பின் ஒன்றாக மேடையேறும் மூன்று குழுக்கள். கிதாரையும் முரசையும் வண்டியிலிருந்து சுமந்து வருவோர் வித்வான்களே. கச்சேரி முடிந்ததும் மேஜை போட்டு இசைத்தட்டு விற்போரும் அவர்களே. வாசலில் வசூலாகும் பணம் பாடுவோருக்கும் ஒலிபெருக்கியை நடத்துவோருக்கும் போய்விடும். மதுபான விற்பனையில் மிஞ்சுவதைக் கொண்டுதான் பெரும்பாலும் கிளப்பின் விளக்கு எரிய வேண்டும்.

இவ்வளவு எளிய இடத்தில் என்ன பெருமை என்று கேட்கலாம். லிவர்பூல் நகரில் 1957-ல் திறக்கப்பட்ட ‘கேவர்ன்’ ஒரு நிலவறையேயாகும். 1961 முதல் 1963 வரை பீட்டில்ஸ் குழுவினர் அங்கே இருநூற்றைம்பது முறைக்கு மேல் வாசித்துத் தேர்ச்சி பெற்றனர். பாத் நகரிலுள்ள ‘மோல்ஸ்’ கிளப்பில் ரேடியோஹெட், ஓயாசிஸ் முதலிய குழுக்கள் புகழடையுமுன் பாடின. அந்த மோல்ஸ், 45 வருஷம் நடந்தபின், செலவுக்கு ஈடுகொடுக்க முடியாமல் 2023 டிசம்பரில் கதவடைத்தது.

அது தனிப்பட்ட சம்பவமன்று. சிறு மேடைகளின் பாதுகாப்புக்காக 2014-ல் ஸ்தாபிக்கப்பட்ட சங்கத்தாரின் கணக்குப்படி, 2023-ல் மட்டும் 125 மேடைகள் மூடப்பட்டன அல்லது கச்சேரிகளை நிறுத்திவிட்டன. 2024-ல் நூற்றுக்கு 43-க்கு மேற்பட்ட மேடைகள் நஷ்டத்தில் நடந்தன. சராசரி லாபமோ, 100 பவுன் வரவுக்கு அரைப் பவுன்கூட இல்லை. வாடகையும் மின்சாரக் கட்டணமும் ஏறின. டிக்கெட்டின் மீது சர்க்கார் 20 சதவீத வரி விதிக்கிறது. இங்கிலாந்தில் இத்தகைய ஸ்தாபனங்களுக்கு அளித்துவந்த ஸ்தல வரிச் சலுகையும் 2025 ஏப்ரலில் 75 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

நடக்காத வியாபாரத்தை மூடுவதுதானே முறை என்று சிலர் வாதிக்கின்றனர். இவ்வாதம் மேலெழுந்தவாரியானது. விதை நெல்லைச் சேமிப்பவன் ஒருவன். விளைச்சலை அறுப்பவன் வேறொருவன். சிறு மேடைகள் நஷ்டத்தைப் பொறுத்துப் பயிற்றுவித்த வித்வான்களைக் கொண்டே பெரு மண்டபத்தார் லாபம் ஈட்டுகின்றனர். ஏரி நிறைந்தால் கரை கசியும் என்பது நம் பழமொழி. இங்கேயோ ஏரி நிறைந்தும் கரை கசியக் காணோம்!

பெரு மண்டபங்களின் டிக்கெட்டு ஒன்றுக்கு ஒரு பவுன் ஒதுக்கிச் சிறு மேடைகளுக்கு உதவ வேண்டும் என்பது மேடைச் சங்கத்தாரின் கோரிக்கை. 2024 மே மாதத்தில் காமன்ஸ் சபையின் கமிட்டியொன்று இத்தகைய ஒதுக்கீட்டை ஆதரித்தது. தொழிலார் இணங்காவிடில் சட்டமே இயற்ற வேண்டும் என்றும் கூறியது. அவ்வருஷம் நவம்பரில் சர்க்கார் யோசனையை வரவேற்றனர். ஆயினும், தொழிலார் மனமுவந்து கொடுக்கட்டும் என்ற அளவில் நின்றனர். கோல்ட்பிளே குழுவினர் 2025-ல் பிரிட்டனில் நடத்திய கச்சேரிகளின் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை இக்காரியத்துக்கு அளிக்க முன்வந்தது போற்றத்தக்கது. ஆனால் தர்மசிந்தையுள்ளவர் கொடுக்க, மற்றவர் கைகட்டி நிற்பது நியாயமாகுமா?

ஆதர்ட்டன் என்னும் சிற்றூரில் வேறொரு வழி தோன்றியிருக்கிறது. பொதுமக்கள் பங்கு வாங்கிச் சேர்த்த மூலதனத்தைக் கொண்டு, 2023-ல் ‘ஸ்னக்’ என்ற சிறு மேடையின் கட்டிடமே கிரயத்துக்கு வாங்கப்பட்டது. லாபம் கருதி வெளியேற்றும் நிலச்சொந்தக்காரனின் பயம் அங்கே ஒழிந்தது. கலையைக் காக்க விரும்புவோர் கைதட்டினால் மட்டும் போதாது, கைப்பொருளும் தர வேண்டும் என்பதை அச்சிற்றூர் காட்டிவிட்டது. சட்டத்துக்குக் காத்திராமல் பெரு மண்டபத்தாரும் இப்பாடத்தைக் கற்பார்களாக.