கார்ல்ஸ்பாட் குகைக்குப் போறீங்களா? டென்ட் எங்கே போடலாம்னு பார்ப்போம்

டாலஸ், ஆஸ்டின், ஹூஸ்டன் பக்கம் இருக்கிற குடும்பங்களுக்காக இந்தக் காணொளி. லீவு சேர்ந்து வந்தா, கார்ல்ஸ்பாட் குகை தேசியப் பூங்காவுக்குப் போகலாமான்னு யோசிப்பீங்க. நியூ மெக்சிகோவுல, டெக்சஸ் எல்லையத் தாண்டினதும் இருக்கு. டாலஸ்ல இருந்து கார்ல ஏறக்குறைய எட்டு மணி நேரம். அவ்வளவு தூரம் போனா ராத்திரி தங்கித்தான் ஆகணும்.

ஆனா காரை நிறுத்தி டென்ட் போடுற கேம்ப் கிரவுண்டு இந்தப் பூங்காவுக்குள்ள கிடையாது. அனுமதி வாங்கி, தண்ணியைச் சுமந்துக்கிட்டு, மலைக்குள்ள நடந்து போய்த் தங்கலாம். சின்னப் பிள்ளைங்களோட போறவங்களுக்கு அது சரிப்படாது. அப்போ வெளியதான் இடம் பார்க்கணும்.

இடம் தேடும்போது "குகைக்கு எது பக்கம்?"னுதான் எல்லாரும் கேப்பாங்க. நீங்க இன்னொண்ணையும் கேளுங்க: ராத்திரி இருட்டினதுக்கு அப்புறம், எந்த ரோட்டுல, எவ்வளவு நேரம் வண்டி ஓட்டப் போறீங்க?

ஏன் ராத்திரின்னு சொல்றேன். இந்தக் குகையில பார்க்க வேண்டியது ரெண்டு. பகல்ல குகைக்குள்ள. 750 அடி ஆழம். ஒன்றேகால் மைல் நடைபாதையில வளைஞ்சு வளைஞ்சு இறங்கலாம், இல்லன்னா லிஃப்ட்ல போகலாம். கீழ 'பிக் ரூம்'. அதைச் சுத்தி வர இன்னொரு ஒன்றேகால் மைல். வெளிய எவ்வளவு வெயில் அடிச்சாலும் உள்ள 56 டிகிரி ஃபாரன்ஹீட்தான். ஸ்வெட்டர் வேணும்.

ரெண்டாவது, சாயங்காலம் குகை வாசல்ல. மே கடைசியில இருந்து அக்டோபர் வரைக்கும், பொழுது சாயற நேரத்துல சில லட்சம் வவ்வால்கள் இரை தேடக் கிளம்பும். முதல்ல நாலஞ்சு, அப்புறம் நூறு, அப்புறம் எண்ண முடியாது. வாசல்லயே சுழன்று சுழன்று மேல ஏறி, கயிறு மாதிரி நீண்டு தென்கிழக்குப் பக்கம் போகும். அமைதியா இருந்தா இறக்கைச் சத்தம் காதுல விழும். 1898 வாக்குல ஜிம் வைட்னு ஒரு மாடு மேய்க்கிற பையன் தூரத்துல இருந்து இதைப் பார்த்துட்டு, புகைன்னு நினைச்சு தேடி வந்துதான் குகைக்குள்ள இறங்கினாரு. அங்க கல் படிக்கட்டு மேடையில உக்காந்து இலவசமாவே பார்க்கலாம். போன், கேமரா எதுவும் கூடாது, வவ்வால் கலைஞ்சிடும்.

[திரையில்: கடிகாரம், டெக்சஸ் நேரமும் கார்ல்ஸ்பாட் நேரமும்]

இப்போ கணக்கப் பாருங்க. கார்ல்ஸ்பாட் மவுன்டன் டைம்ல இருக்கு. டாலஸ் நேரத்துக்கு ஒரு மணி நேரம் பின்னாடி. ஜூன் மாசம் அங்க சூரியன் மறையறப்பவே மணி எட்டு ஆயிடும். வவ்வால் பார்த்துட்டு கார்ல ஏற ஒன்பது. உங்க பிள்ளைங்க வயித்துக்கு அது பத்து மணி. அதுக்கு மேல ஒரு மணி நேரம் ஓட்டி, டார்ச் வெளிச்சத்துல டென்ட் அடிச்சு, அடுப்பு மூட்டுறது பெரிய பாடு.

இனி இடங்கள்.

[திரையில்: வரைபடம், யுஎஸ் 62/180 சாலை]

முதல் இடம் வைட்ஸ் சிட்டி. பூங்காவுக்குள்ள ஏறுற மலைப்பாதை பிரியற முனை. விசிட்டர் சென்டர் அங்கிருந்து ஏழு மைல்தான். தனியார் நடத்துற இடம். ராத்திரி நெடுஞ்சாலைல ஓட்ட வேண்டியதே இல்ல. கைக்குழந்தையோ வயசான அப்பா அம்மாவோ கூட வந்தா, மத்த வசதி கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் இதுக்குத்தான் என் ஓட்டு. டென்ட்டுக்கு இடம் இருக்கான்னு போன்ல கேட்டுட்டே கிளம்புங்க.

ரெண்டாவது, பிரான்ட்லி ஏரி மாநிலப் பூங்கா. கார்ல்ஸ்பாட் ஊருக்கு வடக்க, பீகோஸ் ஆத்துக்குக் குறுக்க அணை கட்டின ஏரி. ஷவர் இருக்கு, மின்சாரம் இருக்கு, மேஜைக்கு மேல நிழல் கூரை இருக்கு. ரெண்டு மூணு குடும்பம் சேர்ந்து போய், தோசைக்கல்லைப் போட்டு சமைச்சுச் சாப்பிட ஏத்த இடம். ஆனா குகையில இருந்து சுமார் நாப்பது மைல். மரம் குறைவு; ஜூலையில நூறு டிகிரி தாண்டும்.

மூணாவது பைன் ஸ்பிரிங்ஸ். இது டெக்சஸுக்குள்ளயே, குவாடலூப் மலைகள் தேசியப் பூங்காவுல இருக்கு. இதுவும் சுமார் நாப்பது மைல், தெற்குப் பக்கம். டெக்சஸோட உயரமான சிகரம் குவாடலூப் பீக், 8,751 அடி. அதுக்கு ஏறுற பாதை இந்தக் கேம்ப் கிரவுண்டுலயே தொடங்குது. கோடையில இங்க குளுமை. ஆனா ஷவர் இல்ல. விறகு, கரி ரெண்டுமே தடை, கேஸ் அடுப்பு மட்டும்தான். பங்க் பக்கத்துல இல்ல, வைட்ஸ் சிட்டியிலயே டேங்க்கை நிரப்பிக்குங்க. முக்கியமா காத்து. மார்ச், ஏப்ரல்ல மணிக்கு ஐம்பது மைலுக்கு மேல அடிக்கும். கடையில வாங்கின சாதாரண டென்ட் தாங்காது.

வரைபடத்துல டாக் கேன்யன்னு ஒண்ணு பக்கத்துல இருக்கிற மாதிரி தெரியும். அதே மலையோட வடபுறம். பைன் ஸ்பிரிங்ஸ்ல இருந்து சுத்திப் போக ரெண்டு மணி நேரம் ஆகும். குகைக்காகப் போறவங்க அதை விட்டுடுங்க.

"ஹோட்டல்லயே தங்கிடலாமே"ன்னு கேட்டா, கார்ல்ஸ்பாட்ல ரூம் வாடகை கூடுதல். காரணம், சுத்தி இருக்கிற பெர்மியன் படுகை எண்ணெய் வயல். அங்க வேலை செய்யறவங்க வந்து தங்குறதால ரூமுக்கு எப்பவும் கிராக்கி. பீகோஸ் ஊர்ல இருந்து வர யுஎஸ் 285 சாலையில டேங்கர் லாரிகளும் அதிகம், விபத்துக்குப் பேர் போன சாலை அது. அதுல ராத்திரி ஓட்டாதீங்க.

இந்த எண்ணெயைப் பத்தி ஒரு விஷயம் பிள்ளைங்களுக்குக் கட்டாயம் சொல்லுங்க. பெரும்பாலான சுண்ணாம்புக் குகைகளை மழைத்தண்ணிதான் மேல இருந்து கரைச்சிருக்கும். கார்ல்ஸ்பாட் வேற. கீழ இருந்த எண்ணெய்ப் படிவத்துல இருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு மேல வந்து, நிலத்தடி நீர்ல இருந்த ஆக்சிஜனோட சேர்ந்து கந்தக அமிலமாச்சு. அதுதான் பாறையக் கரைச்சு இவ்வளவு பெரிய அறைகளை உண்டாக்குச்சு. குகையக் குடைஞ்சதும் எண்ணெய், இன்னிக்கு ரூம் வாடகைய ஏத்தி விடுறதும் எண்ணெய்.

இன்னும் ரெண்டு எச்சரிக்கை. ஜார்ஜ்டவுன் இன்னர் ஸ்பேஸ் குகைக்கோ, சான் அன்டோனியோ பக்கம் நேச்சுரல் பிரிட்ஜ் குகைக்கோ போட்டுட்டுப் போன செருப்பு, துணியை இங்க போடாதீங்க. வவ்வால்களைக் கொல்ற வெள்ளை மூக்கு நோய்க்குக் காரணமான பூஞ்சை, நம்ம செருப்புல ஒட்டிக்கிட்டுக் குகைக்குக் குகை போகும். நாம கவனமா இருந்தா தடுக்கலாம். அடுத்து, குகைக்குள்ள வெறும் தண்ணி மட்டும்தான் அனுமதி. புளியோதரைப் பொட்டலத்தை வெளியவே பிரிச்சு முடிச்சுட்டு இறங்குங்க. குழந்தைத் தள்ளுவண்டியும் கூடாது.

ஆகஸ்ட், செப்டம்பர் போனா அந்த வருஷத்துக் குட்டிகளும் சேர்ந்து பறக்கும், கூட்டம் பெருசா இருக்கும். ஆனா மதியம் இடியோட மழை வரலாம். பள்ளமான இடத்துல டென்ட் போடாதீங்க. அக்டோபர்ல வெயிலும் காத்தும் அடங்கியிருக்கும். மாசக் கடைசியில பைன் ஸ்பிரிங்ஸ் பக்கத்து மெக்கிட்ரிக் கேன்யன்ல மேப்பிள் இலை சிவக்கும். முதல் தடவை போறவங்களுக்கு நான் சொல்றது அக்டோபர்தான். வவ்வால்கள் அந்த வருஷத்துக்கு இடம் மாறிப் போயிடுச்சான்னு மட்டும் பூங்காவுல கேட்டுக்குங்க.

கடைசியா, வரிசை. முதல்ல குகைக்கான நுழைவு நேரத்தை ரிக்ரியேஷன் டாட் கவ் தளத்துல எடுங்க. லிஃப்ட் ஓடுதான்னு பூங்காவோட தளத்துல பாருங்க. ரெண்டாவது, அன்னிக்குச் சூரியன் மறையற நேரத்தைக் குறிச்சுக்குங்க. மூணாவதுதான் கேம்ப் கிரவுண்டு. ரெண்டு ராத்திரியா எடுங்க. போய்ச் சேர்ற அன்னிக்கு டென்ட் அடிச்சுட்டுத் தூங்குங்க. மறுநாள் முழுக்கக் குகைக்கும் வவ்வாலுக்கும். சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பி வந்து சமைச்சுச் சாப்பிட்டுட்டுப் போற தூரத்துல இடம் கிடைச்சா, யோசிக்காம அதையே எடுங்க. நல்லபடியா போயிட்டு வாங்க.