வற்றாப்பளை அம்மன் பொங்கலும் தீர்த்த ஊர்வலமும்

நமது தோட்டங்களிலே மாரியம்மன் திருவிழா வந்தால் லயத்துக்கு லயம் கோலம் போட்டு, வாசலில் குடம் வைத்து, அம்மன் வருகிறாளா என்று பிள்ளைகள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கரகமும் காவடியும் மேளமும் நமக்குப் புதிதல்ல. இதைப் போன்ற ஓர் ஊர்வலம்தான் வன்னியிலே, முல்லைத்தீவு மாவட்டத்தில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்கு வருடா வருடம் நடக்கிறது. வன்னியில் சொந்தக்காரர் உள்ள குடும்பங்கள் நம்மிடையே பல. ஆகவே அதைப் பற்றி இங்கே சொல்லுகிறோம்.

கோவில் நந்திக்கடல் ஓரத்தில் இருக்கிறது. மதுரையை எரித்த கண்ணகி கோபம் தணியாமல் இலங்கைக்கு வந்து பத்து இடங்களில் தங்கினாள், பத்தாவதாகத் தங்கிய இடம் 'பத்தாம் பளை', அதுவே வற்றாப்பளை ஆயிற்று என்பது அந்த ஊர்க் கதை. மாடு மேய்த்த சிறுவர்களிடம் கிழவி உருவத்தில் வந்தாள், விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றபோது கடல் தண்ணீரை ஊற்றி எரிக்கச் சொன்னாள் என்றும் சொல்வார்கள். இன்றைக்கும் உப்புத் தண்ணீரில் விளக்கு எரிப்பது அங்கே முக்கியமான சடங்கு. அது அம்மனின் அற்புதம் என்று சனங்கள் நம்புகிறார்கள்.

பொங்கல் வைகாசி மாதத்தில், விசாகத்தை ஒட்டிய திங்கட்கிழமை நடக்கும். வேலைகள் பாக்குத்தெண்டல் என்னும் சடங்குடன் முன்னதாகவே தொடங்கிவிடும். பொங்கலுக்கு ஒரு கிழமைக்கு முன்பு சிலாவத்தைக் கடற்கரையில் தீர்த்தம் எடுத்து, ஊர்வலமாக முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோவிலுக்குக் கொண்டுவருவார்கள். அந்தத் தண்ணீரில்தான் விளக்கு ஏற்றப்படும். அடுத்த ஞாயிறு காட்டு விநாயகருக்குப் பொங்கல். அது முடிந்ததும் மடைப்பண்டங்கள் வற்றாப்பளைக்குப் போகும். திங்கள் இரவு முழுக்க அம்மன் பொங்கல். காவடியும் பாற்செம்பும் எடுத்து வருகிறவர்கள் ஏராளம்.

தீர்த்த ஊர்வலத்தில் யானையோ பெரிய அலங்காரமோ கிடையாது. ஒரு குடம் தண்ணீர்தான். ஆனாலும் குடம் போகும் வழியிலே வீட்டுக்கு வீடு நிறைகுடம் வைத்து விளக்கேற்றிக் காத்திருப்பார்கள். பார்க்க வந்தவர், நடத்துகிறவர் என்று இரண்டு கட்சி அங்கே இல்லை. வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்த வீட்டுக்காரிக்கும் அதிலே பங்கு உண்டு. சின்ன ஊர்வலத்தின் சந்தோஷம் இதுதான்.

கண்டி பெரஹராவை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதிலே பத்தினி தேவாலயத்து ஊர்வலமும் வரும், பெண்கள் ஆடி வருவார்கள். அந்தப் பத்தினித் தெய்யோ இதே கண்ணகிதான். இலங்கை அரசன் கயவாகுவைச் சிலப்பதிகாரமும் சொல்கிறது. சிங்களவரும் தமிழரும் சேர்ந்து கும்பிடுகிற தாய் இவள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

நமக்கு இதிலே இன்னொரு விஷயமும் உண்டு. எழுபதுகளிலே தோட்டங்களில் பட்டினி வந்தபோதும், 1977 கலவரத்துக்குப் பிறகும், நம்ம சனங்கள் எத்தனையோ குடும்பம் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். பிறகு யுத்தம். பாதை அடைபட்டு, அண்ணன் தம்பி முகம் பார்க்காமலே வருஷங்கள் போயின. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்ததும் இதே நந்திக்கடல் பக்கம்தான். அங்கே உயிர் இழந்தவர்களின் உறவினர் இன்றும் அதே மே மாதத்தில் அழுகிறார்கள். பொங்கலும் அந்த நாட்களை ஒட்டியே வருகிறது. ஆகவே அங்கே போகிறவர்கள் கூத்துப் பார்க்கப் போவதுபோல் போகாமல், துக்கம் உள்ள வீட்டுக்குப் போகிற மரியாதையோடு போகவேண்டும். தொடர்பு விட்டுப்போன சித்தப்பா, அத்தை பிள்ளைகள் இருந்தால் இதைச் சாட்டாக வைத்துத் தேடிப் போய்ப் பாருங்கள்.

போக நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

வவுனியா போய், மாங்குளத்தில் திரும்பி, ஒட்டுசுட்டான் வழியாக முள்ளியவளை போகலாம். இரண்டு மூன்று நாள் பேர் விழாது. எனவே முன்கூட்டியே லீவு சொல்லி, செலவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சேர்த்துக்கொள்ளுங்கள். வட்டிக்கு வாங்கிக் கோவிலுக்குப் போக அம்மன் கேட்கவில்லை.

நம்ம குளிருக்குப் பழகிய உடம்புக்கு வன்னி வெயில் கடுமை. தண்ணீர் போத்தல், குடை, பிரஷர் சீனி வியாதிக்காரர் மருந்து, இவற்றை மறக்கவேண்டாம். வெறுங்காலோடு நடுப்பகலில் தார் ரோட்டில் பிள்ளைகளை நடக்க விடாதீர்கள். சட்டைப் பையில் பெயரும் போன் நம்பரும் எழுதி வையுங்கள்.

வன்னியில் மிதிவெடி அகற்றும் வேலை பல வருடமாக நடக்கிறது. எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்துக்குள்ளும், தெரியாத காட்டுக்குள்ளும் காலைக் கழுவவோ விறகு எடுக்கவோ கூடப் போகக்கூடாது. கிடக்கிற இரும்பைப் பிள்ளைகள் தொடக்கூடாது.

போக முடியாதவர்கள் வருத்தப்படத் தேவையில்லை. நம்ம தோட்டத்துத் திருவிழாவையும் அதேபோல் நடத்தலாம். சந்தாக் கணக்கை எல்லோருக்கும் தெரியும்படி எழுதி ஒட்டுங்கள். ஊர்வலம் தொங்கல் லயத்தையும் விடாமல் போகட்டும். குடித்துவிட்டு வருகிறவர்களைத் தலைவர்மார் ஆரம்பத்திலேயே தடுக்கட்டும். பெண்களும் பிள்ளைகளும் பயமில்லாமல் நடந்து வருகிற ஊர்வலமே நல்ல ஊர்வலம்.